ஆளில்லாத கட்டம்

மார்ச் 3, திங்கள்

மறுபடி அலுவலகம். என் மேசையிலிருந்த கற்றாழைச் செடிக்கு யாரோ தினமும் தண்ணீர் ஊற்றி அழுக வைத்திருக்கிறார்கள். அனுதாபத்தில் செய்ததாக இருக்கும். தொட்டியோடு குப்பையில் போட்டேன்.

ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார்கள். தங்கை கலைமதி போன மாதம் பதினோராம் தேதி பாம்பு கடித்து இறந்துபோனாள், மலைக்கிராமத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை, வயது முப்பத்தொன்று, பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு நானும் அம்மாவும் ஊரிலிருந்து திரும்பிவிட்டோம். இதை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு வருகிறது. குரல்கூட மாறுவதில்லை. பக்கத்து மேசை ரெஹானாவுக்குத்தான் கண் கலங்கியது. அவளுக்கு நான் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தேன்.

மதியம் சேதுமாதவன் சார் கூப்பிட்டு நிறுத்திவைத்திருந்த வேலையை மறுபடி என்னிடமே கொடுத்தார். ஒரு மாவட்டத்துக்குப் புதிதாக இரண்டு ஆம்புலன்ஸ்கள் வருகின்றன. எந்த இடத்தில் நிறுத்தினால் அதிகம் பேருக்குச் சீக்கிரம் போய்ச் சேரும் என்று எங்கள் புள்ளியியல் பிரிவு கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். ஏப்ரல் முதல் வாரம் கூட்டம். நாங்கள் சொல்லும் இடத்தில்தான் வண்டி நிற்கும்.

துவரைமலை அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. கலா எந்த மலையில் வேலை பார்த்தாள் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் வேலையை வேறு யாருக்காவது மாற்றிவிடுவார்.

மார்ச் 4, செவ்வாய்

கணக்குப் போடும் பழைய கணினி நிரலைத் திறந்து தூசி தட்டினேன். ஆர் என்ற கணினி மொழியில் எழுதியது. ஜனவரியில் நான் எழுதிய வரிகள் வேறு யாரோ எழுதியவை போல நன்றாக இருந்தன.

ஏற்பாடு எளிமையானது. மாவட்டத்தை ஒரு கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாக வெட்டியிருக்கிறோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரிசை. வாரத்தின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மேலிருந்து கீழாக ஒரு பத்தி. எந்தக் கட்டத்திலிருந்து எந்த நேரத்தில் எத்தனை பேர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள் என்பதுதான் உள்ளே இருக்கும் எண். இப்படி ஒரு அட்டவணை போட்டால் பெரும்பாலான இடங்களில் பூஜ்யம்தான் இருக்கும். அத்தனை பூஜ்யத்தையும் சேமித்தால் கணினிக்கு மூச்சு முட்டும். அதனால் பூஜ்யம் இல்லாதவற்றை மட்டும் எங்கே இருக்கின்றன என்று குறித்து வைத்துக்கொள்வோம். ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ் என்பது இதுதான். குறிக்காமல் விட்ட இடமெல்லாம் பூஜ்யம் என்று அர்த்தம்.

இந்த ஏற்பாடு எனக்கு எப்போதுமே பிடிக்கும். இல்லாததைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

மார்ச் 6, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. அம்மாவுக்கு முழங்கால் மாத்திரை வாங்கினேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலேயே அம்மா என் ஃபோனை எடுத்து சார்ஜில் போட்டு, கூடத்து ஸ்டூல் மேல் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வாக்கில் கலா பேசுவாள். அதற்காக இரண்டு வருடமாகச் செய்துவந்த காரியம், கை தானாகச் செய்கிறது.

‘டெலிபோன் ஆபீஸிலிருந்து பேசுகிறேன்’ என்றுதான் கலா ஆரம்பிப்பாள். எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்துக்கொள்வது அவள் பழக்கம். என் பழைய ஸ்கூட்டருக்குக்கூடப் பெயர் வைத்திருந்தாள். அந்த ஆபீஸில் காற்று இரைச்சல் மட்டும் தாங்காது. மொட்டை மாடியில் நின்றுகொண்டு கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

பதினொரு மணிக்கு ஒரு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. கிரெடிட் கார்டு விற்பவர்களாக இருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

இன்றோடு ஒரு மாதம். அம்மா விளக்கேற்றினாள்.

முதல் வரைபடத்தை அச்செடுத்தேன். மாவட்டத்தின் கிழக்குப் பாதி முழுக்க ஊர்ப் புள்ளிகள், ஈ மொய்த்த மாதிரி. மேற்கே துவரைமலை. அதில் ஒரு புள்ளிகூட இல்லை. வெறும் பழுப்பு.

நிரல் எந்தப் பிழையும் காட்டவில்லை. மலையில் யாருமே குடியில்லை என்று எடுத்துக்கொண்டு, இரண்டு வண்டிகளையும் கிழக்கே நிறுத்திவிட்டு வேலையை முடித்துவிட்டது. கோரைப்பள்ளத்தில் கலா வேலை பார்த்த பள்ளிக்கூடம் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், முதல் பெஞ்சில் உட்காரும் வெண்ணிலா என்ற சின்னப் பெண் பேனா மூடியைக் கடித்துத் தின்றுவிடுவாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நிரலுக்குத் தெரியாது.

மார்ச் 12, புதன்

மலையைக் கண்டுபிடித்துவிட்டேன். வங்காள விரிகுடாவில் இருக்கிறது.

மாவட்ட எல்லையை எடுத்துவிட்டு வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது நடுக்கடலில் ஒரு கொத்துப் புள்ளிகள் தெரிந்தன. ஒவ்வொன்றாகக் கிளிக் செய்தேன். கோரைப்பள்ளம். ஆத்துக்காடு. மேல்சோளப்பாடி. துவரைமலையின் அத்தனை ஊரும், ஒன்றுக்கொன்று உள்ள தூரம் கொஞ்சமும் மாறாமல், மீன்களுக்கு நடுவே இருந்தன.

காரணம் இதுதான். பூமி உருண்டை, வரைபடம் தட்டை. உருண்டையை அப்படியே விரித்தால் எங்காவது இழுபட்டுக் கோணிக்கொள்ளும். அதனால் ஆரஞ்சைப் பிரிப்பதுபோலச் சுளை சுளையாகப் பிரித்து, ஒவ்வொரு சுளையையும் தனியே தட்டையாக்குவார்கள். ஒவ்வொரு சுளைக்கும் மீட்டர் கணக்கு புதிதாகத் தொடங்கும். இரண்டு சுளைகள் சேரும் கோடு இந்த மாவட்டத்தின் நடுவே போகிறது. கிழக்கேயுள்ள ஊர்களை ஒரு சுளைக் கணக்கிலும், மேற்கே மலையிலுள்ள ஊர்களை இன்னொரு சுளைக் கணக்கிலும் அளந்திருக்கிறார்கள். அளந்தவர்கள் சரியாகவே அளந்திருக்கிறார்கள். கோப்புகளை ஒன்று சேர்த்தபோது எது எந்தச் சுளை என்ற விவரம் விட்டுப்போயிற்று. நிரல் எல்லாவற்றையும் கிழக்குச் சுளை என்று எடுத்துக்கொண்டது. மலை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்து கடலில் விழுந்தது. மாவட்ட எல்லைக்கு வெளியே விழும் புள்ளிகளை நீக்கிவிடு என்று நான் ஒரு வரி எழுதிவைத்திருக்கிறேன். எல்லோரும் எழுதுகிற வரிதான். அது சத்தமில்லாமல் நீக்கிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. கலாவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள், ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

மார்ச் 13, வியாழன்

சுளையைச் சரிசெய்து ஓட்டினேன். மலை ஊர்கள் மலைக்குத் திரும்பின.

கோப்புகளைச் சேர்த்தவள் ரெஹானா. விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துப்போய், பத்து தடவை மன்னிப்புக் கேட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வண்டியே இன்னும் வரவில்லை என்றேன். சாயங்காலம் அவள் ஒரு டப்பா பிர்னி கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ரொம்பத் தித்திப்பு என்றாள். எனக்குத் தித்திப்பு தெரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அதே எண். அதே பதினொரு மணி. மணி அடித்து ஓய்ந்தது.

“போன வாரமும் இதே நேரத்துக்குத்தான் அடிச்சுது. எடுத்தாத்தான் என்ன கண்ணு?” என்று அம்மா கேட்டாள்.

தெரியாத எண் என்று போன வாரம் எழுதினேன். தெரியும். பிப்ரவரி பதினொன்று அன்று செய்தி வந்தது அந்த எண்ணிலிருந்துதான். கோரைப்பள்ளத்துக்காரர், பெயர் பொன்னன். கலாவைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர். கலாவை ஊருக்குக் கொண்டுவந்த வண்டியில் கூடவே வந்து, எல்லாம் முடியும்வரை வேலியோரம் நின்றுவிட்டு, சாப்பிடாமல் போனவர்.

துணி துவைத்தேன். கொடியில் இடம் பத்தவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மலை திரும்பி வந்தும் ஒன்றும் மாறவில்லை. ஒரு வண்டி நகரத்துக்கு, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவது வண்டி நெடுஞ்சாலை டோல்கேட்டுக்கு என்று நிரல் சொல்கிறது. மலை ஊர்கள் வரைபடத்தில் இருக்கின்றன, ஆனால் அந்தக் கட்டங்களிலிருந்து ஒரு அழைப்புகூட இல்லை. ஆட்கள் உண்டு, அழைப்பு பூஜ்யம், ஆகவே தேவை பூஜ்யம். கணக்கு சுத்தம்.

அங்கே டவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கீழே எங்கோ இறங்கி வந்துதான் கலா பேசியிருப்பாள். கூப்பிட முடியாததும் கூப்பிடாததும் அட்டவணையில் ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டுக்கும் குறி கிடையாது. கலாவும் அந்தக் குறிக்காத இடத்தில்தான் எங்கோ இருக்கிறாள். அவளுக்காக யாராலும் கூப்பிட முடிந்திருக்காது. அவள் இந்தக் கணக்கில் இல்லை.

எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். வேறு யாரைப் பற்றியோ எழுதியதுபோல இருக்கிறது.

மார்ச் 19, புதன்

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று எழுதிவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். அப்படி இல்லை.

“கூப்பிடாத இடத்துக்கு வண்டிய அனுப்புங்கன்னு நான் எதை வச்சுச் சொல்றது வாசுகி?” என்றார்.

“அங்க டவர் இல்ல சார். கூப்பிட முடியாது.”

“சரி, அதுக்கு டேட்டா குடுங்க. மலைக்குக் குடுத்தா டோல்கேட்டுக்கு இல்ல. அங்க ரோட்ல ஒருத்தன் அடிபட்டுக் கிடப்பான். அவனுக்கும் வீடு வாசல் இருக்கு.”

அந்த ஆளை என் கண்ணாலேயே பார்த்ததுபோல இருந்தது. கவிழ்ந்து கிடந்தான்.

மார்ச் 21, வெள்ளி

மிக்ஸி ரிப்பேர். ஜாடியின் அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டதாம்.

மார்ச் 23, ஞாயிறு

எடுத்தேன். அம்மா எடுக்கச் சொல்லவில்லை. ஸ்டூல் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

முதலில் காற்று. பேச்சு அப்புறம்தான் வந்தது. நான் அந்தக் காற்றிலேயே நின்றுவிட்டேன். அவர் இரண்டு மூன்று தடவை அம்மாங்களா, அம்மாங்களா என்று கூப்பிட்ட பிறகுதான் குரல் வந்தது.

பொன்னன் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு இறங்கும்போது பேசுகிறாராம். நான் எடுக்காததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கலா ஒரு கோழி வளர்த்தாளாம். அது அடைக்கு உட்கார்ந்து ஒன்பது குஞ்சு பொரித்துவிட்டதாம். கோழியையும் குஞ்சுகளையும் என்ன செய்யட்டும், சென்னைக்குக் கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டார். இதைக் கேட்கத்தான் இத்தனை வாரமாகக் கூப்பிட்டிருக்கிறார். வெண்ணிலா வீட்டில் கொடுத்துவிடச் சொன்னேன். சரிங்க என்றார். மறுபடி காற்று.

எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டேன்.

“எட்டாவது கொண்டையிலதானுங்க. மலைமேல எங்கியும் டவர் கெடைக்காது. இந்த வளைவுல ஒரு பாறை இருக்குது, அதுமேல ஏறி நின்னாத்தான் பேச முடியும். டீச்சரம்மா இதுக்கு டெலிபோன் ஆபீஸ்னு பேரு வெச்சிருந்தாங்க.”

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். மலை மேல் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“டோலி கட்டித் தூக்கிக்கிட்டு இங்க வரைக்கும் வருவோமுங்க. இங்க வந்துதான் ஆம்புலன்சுக்குப் பண்ணணும். டீச்சரம்மாவுக்கும் இங்க வந்து நான்தானுங்க பண்ணுனேன். கொஞ்சம் பேசுனாங்க அப்ப. வண்டி வர லேட்டாயிருச்சு.”

என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. அம்மா கையை நீட்டினாள். ஃபோனைக் கொடுத்தேன். கோழிக்கு என்ன தீனி போடுகிறீர்கள் என்று அம்மா விசாரித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 24, திங்கள்

யார் வருவதற்கும் முன்னால் அலுவலகம் போய்விட்டேன்.

ஒரு கட்டத்திலிருந்து வரும் அழைப்புகளை அங்கே குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுப்போம். குடியிருப்பவர்கள் பூஜ்யம் என்றால் வகுக்க முடியாது. ஆகவே ஆளில்லாத கட்டங்களை ஆரம்பத்திலேயே நீக்கிவிடுவது வழக்கம். ஏரி, காடு, குவாரி. அதற்கும் ஒரு வரி உண்டு, அதுவும் எல்லோரும் எழுதுகிற வரிதான். அந்த வரியை இன்று நிறுத்திவைத்துவிட்டு ஓட்டினேன்.

எட்டாவது கொண்டை ஊசி வளைவு இருக்கும் கட்டம் காப்புக்காடு. ஒரு வீடுகூடக் கிடையாது. அங்கிருந்து ஒரு வருடத்தில் வந்த அழைப்புகள், அந்தப் பகுதியில் டோல்கேட்டை விட்டால் வேறெங்கும் இல்லாத அளவு அதிகம். மரத்துக்கும் பாறைக்கும் எதற்கு இத்தனை ஆம்புலன்ஸ் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் யாரும் பார்ப்பதற்கு முன்னால் அது நீங்கிவிடுகிறது.

மூல வரிகளைத் திறந்தேன். பிரசவ வலி. மரத்திலிருந்து விழுந்தவர். காட்டுமாடு முட்டியவர். பிரசவ வலி. குழந்தைக்கு வலிப்பு. நெஞ்சுவலி. பிரசவ வலி. அத்தனை பேரையும் தூக்கிக்கொண்டு வந்து, பாறை மேல் ஒருவர் ஏறி நின்று பேசியிருக்கிறார்.

அடியில் பிப்ரவரி 11. பெண். முப்பத்தொன்று. பாம்புக்கடி.

அவள் இந்தக் கணக்கில் இல்லை என்று போன வாரம் எழுதியிருக்கிறேன். இருந்தாள். அட்டவணையில் ஒரு 1. செவ்வாய்க்கிழமை முற்பகலுக்கு உரிய பத்தியில், ஆளில்லாத கட்டத்துக்கு உரிய வரிசையில், ஜனவரியில் நான் எழுதிய வரி தினமும் அவளை எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தது.

வண்டி கிளம்பிய நேரமும் வந்து சேர்ந்த நேரமும் பக்கத்திலேயே இருந்தன. புது வண்டி இருந்திருந்தால் எத்தனை நிமிடத்தில் வந்திருக்கும் என்பதை நிரல் ஒவ்வொரு அழைப்புக்கும் தானாகவே கணக்கிடும். இதற்கும் கணக்கிட்டது. அந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச் 25, செவ்வாய்

அலுவலகம். மதியம் தயிர்சாதம்.

மார்ச் 27, வியாழன்

பாறையிலிருந்து வந்த அழைப்புகளை, அதற்கு மேலே உள்ள ஊர்களுக்கு மக்கள்தொகைப்படி பிரித்துக் கொடுத்து முழுக் கணக்கையும் ஓட்டினேன். இரண்டாவது வண்டி டோல்கேட்டை விட்டு நகர்ந்தது. ஆனால் மலையடிவாரத்துக்கு வரவில்லை. மலைச்சாலை நெடுஞ்சாலையில் வந்து சேரும் பிரிவு ரோட்டில் நின்றுவிட்டது.

அடிவாரத்துக்குக் கொண்டுவருவது சுலபம். மலை அழைப்புகளின் எடையை, அதாவது ஒரு அழைப்பை எத்தனையாக எண்ணுவது என்பதை, கொஞ்சம் கூட்டினால் போதும். எதற்காகக் கூட்டினாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டால் சொல்ல நாலு காரணம் உண்டு. கூட்டினேன். வண்டி அடிவாரத்தில் போய் நீலப் புள்ளியாக நின்றது. சாப்பாட்டு நேரம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சார் சொன்ன ஆள், டோல்கேட் பக்கம் ரோட்டில் கவிழ்ந்து கிடப்பவன், நினைவுக்கு வந்தான். அவனுக்கும் ஒரு அக்கா இருந்தால் அவளும் எங்கேயாவது டிஷ்யூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். எடையை ஒன்றுக்கே திருப்பி வைத்தேன். வண்டி பிரிவு ரோட்டுக்குத் திரும்பியது.

மார்ச் 30, ஞாயிறு

பொன்னன் பேசினார். கீரி ஒரு குஞ்சைத் தூக்கிப்போய்விட்டதாம். அம்மாவுக்கு அதில் ரொம்ப வருத்தம். சாயங்காலம்வரை அதையே பேசினாள்.

ஏப்ரல் 2, புதன்

கூட்டம். திரையில் மாவட்ட சுகாதார அதிகாரி, இந்தப் பக்கம் சார், ரெஹானா, நான். கடலில் விழுந்த மலையைக் காட்டியபோது அதிகாரி சிரித்தார். எட்டாவது கொண்டையைக் காட்டியபோது சிரிப்பை நிறுத்தினார்.

சார்தான் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். ஒரு காட்டு வளைவிலிருந்து அழைப்பு வந்தால் அது அந்த வழியாகப் போகும் சுற்றுலாக்காரர்களாக இருக்கலாம், விபத்தாக இருக்கலாம். மேலே உள்ள ஊர்க்காரர்கள் இறங்கி வந்து அங்கிருந்துதான் கூப்பிடுகிறார்கள் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றார்.

அழைப்புகளின் காரணங்களை ஒரு பக்கம் தயாரித்து வைத்திருந்தேன். இத்தனை பிரசவம் சுற்றுலா வருவதில்லை என்று சொல்வதாகத் திட்டம். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

“என் தங்கச்சி ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்தப் பாறையில நின்னுதான் சார் எங்களுக்குப் பேசுவா. அதுல பிப்ரவரி பதினொண்ணு இருக்கில்ல, அது அவளுக்காகப் பண்ணுன ஃபோன்.”

அதற்குப் பிறகு அந்த அறையில் ஏசி சத்தம் கேட்டது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சார் கூட்டத்தை முடித்துவிட்டு என்னைத் தனியே நிறுத்தினார். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்றார். சொல்லியிருந்தால் வேலையை மாற்றியிருப்பீர்கள் என்றேன். ஆமாம், மாற்றியிருப்பேன், அதுதான் முறை என்றார். பிறகு என் நிரல் முழுவதையும் ரெஹானாவிடம் கொடுத்து, என் வரிகளை நம்பாமல் ஆரம்பத்திலிருந்து சொந்தமாக எழுதி ஓட்டிப் பார்க்கச் சொன்னார். முடியும்வரை நான் அந்தக் கோப்புகளைத் தொடக் கூடாது.

அவர் செய்தது சரி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

சும்மா உட்கார்ந்திருந்தேன். ரெஹானா என் பக்கம் திரும்பவே இல்லை. எடையைத் திருப்பி வைத்தேனா என்று மறுபடி மறுபடி சந்தேகம் வந்தது. வைத்தேன். இந்த நோட்டில் எழுதியும் இருக்கிறேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

மாலையில் ரெஹானா நாற்காலியை என் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“பிரிவு ரோட்டுலதான்க்கா நிக்குது” என்றாள்.

சார் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். எனக்குச் சந்தோஷமா என்று ரெஹானா கேட்டாள். தெரியவில்லை என்றேன். பசித்தது. கீழே போய் இருவரும் பஜ்ஜி சாப்பிட்டோம். மிளகாய் பஜ்ஜி காரமாக இருந்தது. காரம் தெரிந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. அம்மா மாங்காய்ப் பச்சடி செய்தாள். வேப்பம்பூ போட மறந்துவிட்டாள். கலாவுக்கு வேப்பம்பூ ஆகாது, அவள் வீட்டில் இருக்கும் வருடங்களில் அம்மா போட மாட்டாள். மறந்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை.

மே 18, ஞாயிறு

பொன்னன் பேசினார். மலையில் மழை. குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்துவிட்டது.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. கோரைப்பள்ளத்துக்குப் புது ஆசிரியர் போட்டாயிற்றா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

பதினொரு மணிக்கு முன்பே ஸ்டூல் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். முதல் மணிக்கே எடுத்தேன்.

பொன்னனுக்கு வழக்கத்தைவிடக் குரல் ஓங்கியிருந்தது. புது வண்டி போன வாரமே பிரிவு ரோட்டுக்கு வந்துவிட்டதாம். வியாழக்கிழமை ஆத்துக்காட்டிலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவ வலியில் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். பொன்னனும் ஒரு பக்கம் தோள் கொடுத்திருக்கிறார்.

“பாறைமேல ஏறி ஃபோனப் பண்ணிட்டு, கீழ எறங்கி அந்தப் புள்ளைக்குத் தண்ணி குடுத்துக்கிட்டு இருக்கோம், அதுக்குள்ள வண்டி சத்தம் கேக்குதுங்க. எங்களுக்கு நம்பிக்கையே வல்ல. பொட்டப்புள்ள பொறந்திருக்குது. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

அதுக்குள்ள என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் மார்ச் மாதம் இங்கே எழுத மறுத்த எண் என் முன்னால் வந்து நின்றது. பதினெட்டு. புது வண்டி இருந்திருந்தால் பதினெட்டு நிமிடம். கலாவுக்கு அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவள் அந்தப் பாறைக்குக் கீழே படுத்து, கொஞ்சம் பேசிக்கொண்டு, காத்திருந்தாள்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். வாயை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. அம்மா ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் பொன்னன் பயந்துபோய், அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் மூச்சு வந்ததும், டீச்சரம்மா கடைசியாக என்ன பேசினாள் என்று அவரிடம் கேட்டேன்.

“காலையில பிள்ளைங்களுக்குப் போட்ட கணக்கு போர்டுலயே இருக்குது, யாரும் அழிச்சிராதீங்க, நாளைக்கு வந்து சொல்லித் தரணும்னாங்க” என்றார்.

அழித்துவிட்டார்களா என்று கேட்டேன். இல்லீங்க, புது சார் வந்து ஓரமா எழுதிக்கிறாருங்க என்றார்.

பொன்னனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் ஃபோனைக் காற்றில் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா என்று. எதற்கென்று அவர் கேட்கவில்லை. சரிங்க என்றார். காற்று வந்தது. ஃபோனை அம்மாவின் காதில் வைத்தேன்.

“அவ நின்னு பேசுன எடமா கண்ணு இது?” என்றாள் அம்மா.

“ஆமாம்மா.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். டவர் போய் இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும்வரை ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.